ஒரு 'ஐ' போதும்!

"பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல், செயலைக் குறிப்பது வினைச்சொல்..." உங்கள் வீட்டு வாண்டு இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும். 'ஓட்டம்' என்ன சொல் என்று கேட்டுப் பாருங்கள். "வினைச்சொல்!" என்று அடித்துச் சொல்லும். விடைத்தாளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழும். பிள்ளை மேல் என்ன குற்றம்? ஓடுவது செயல்தானே!

ஆபீஸிலிருந்து களைத்து வந்த எரிச்சலில் 'மக்கு' பட்டம் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் இலக்கணம் என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அந்த விளக்கங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எந்தச் சொல் கிடைத்தாலும் பின்னால் ஓர் 'ஐ' ஒட்டச் சொல்லுங்கள்.

இட்லி... இட்லியை. பஸ்... பஸ்ஸை. ஓட்டம்... ஓட்டத்தை. ஒட்டிக்கொண்டதா? பெயர்ச்சொல்! 'ஓடினானை' என்று சொல்லிப் பாருங்கள். "ஐயே, நல்லால்லப்பா!" என்று பிள்ளையே சிரிக்கும். காது கண்டுபிடித்துவிட்டது!

அடுத்தது நேற்று, நாளை. "நேத்து ஓடினான், நாளைக்கு ஓடுவான்." சொல் மாறுகிறது, அதனால் வினை. "நேத்து ஓட்டம், நாளைக்கும் ஓட்டம்." ஓட்டம் அசையவே இல்லையே! அதனால்தான் அது தொழிற்பெயர்.

இது நம் சொந்தச் சரக்கல்ல. வேற்றுமை உருபை ஏற்பது பெயர், காலம் காட்டுவது வினை என்று பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் சொல்லிவிட்டார். ('வந்தவன்' என்று ஓர் ஆசாமி உண்டு. 'ஐ'யும் ஏற்பான், காலமும் காட்டுவான். வினையாலணையும் பெயர்! அந்த வம்பு இரண்டு வகுப்பு தாண்டி வரட்டும்.)

ஒட்டினோமே ஓர் 'ஐ', அதுவே இடைச்சொல்தான். 'எனக்கும் ஐஸ்கிரீம்', 'எனக்கே ஐஸ்கிரீம்', 'எனக்கா ஐஸ்கிரீம்?' வாலை மாற்றினால் வீட்டு நிலவரமே மாறுகிறது பாருங்கள்! உரிச்சொல்லுக்கு மாநகரப் பேருந்தைக் காட்டுங்கள். அந்த 'மா'தான் அது. 'அட்ஜெக்டிவ்' என்றால் உரிச்சொல் என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். 'அழகான' என்பது பெயரடை.

இந்த வித்தை இங்கிலீஷில் பலிக்காது. அங்கே பள்ளிக்கூடக் கணக்கில் எட்டு வகை. மேஜை மேல் இருக்கிற 'புக்' நவுன். டிக்கெட்டை 'புக்' செய்தால் வெர்ப். அதே சட்டை, உட்காரும் சீட்தான் வேறு. ஆகவே ஒற்றைச் சொல்லை நீட்டி "இது என்ன?" என்று கேட்காதீர்கள், முழு வாக்கியத்தையும் சொல்லிக் கேளுங்கள். அதுவும் தமிழ் ஹோம்வொர்க் முடிந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு!