புதிய துப்பாக்கியும் அதன் குறியும்

மட்டாஞ்சேரி மிளகுக் கடைத் தெருவில் சரக்கு வாங்க வரும் வியாபாரி, மூட்டையின் வாயைப் பிரித்து மேலே கிடக்கும் மணிகளை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை எடுத்து மூட்டையின் பல பக்கங்களிலும் செருகி, உள்ளேயிருந்து வரும் மணிகளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த பின்னரே பேச்சைத் தொடங்குவார். கொச்சியில் வாழும் நம்மவர்க்கு இவ்வழக்கம் புதியதன்று. புதிய ரைபிள் ஒன்று குறி தவறாமல் சுடுமா என்று அறிய விரும்புவோரும் இவ்வியாபாரியின் வழியையே பின்பற்ற வேண்டும். ஆனால் பெரும்பாலோர் மூட்டையின் வாயைப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர்.

வேட்டைக்கு இந்நாட்டில் இப்பொழுது இடமேது என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பொழுதுபோக்கு வேட்டைக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடிவு கட்டிவிட்டது. எனினும், மலையோரப் பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டில் கேரள அரசு உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கு வழங்கியது. துப்பாக்கி உரிமம் பெற்றவர்களே இப்பணிக்கு அழைக்கப்பட்டனர். ஒரு முறைக்கு ஒரே தோட்டா இடும் துப்பாக்கியுடன் இருளில் மரவள்ளித் தோட்டத்தின் ஓரம் நிற்பவருக்கு, இரண்டாம் வெடிக்கு அவகாசம் கிடைப்பது அரிது. குறி நான்கு விரற்கடை தவறினால் பன்றி காயத்துடன் புதருக்குள் மறையும். அதைத் தேடிச் செல்பவரின் உயிருக்கு ஆபத்து. அவ்விலங்குக்கோ நாட்கணக்கில் வேதனை.

துப்பாக்கியின் போக்கை விஞ்ஞான முறையில் ஆராய்ந்த முன்னோடி ஒருவர் தமிழ் மண்ணிலே மறைந்தார் என்பதைப் பலர் அறியார். பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞரே அவர். 1742இல் அவர் வெளியிட்ட நூலை, ஆய்லர் என்னும் கணித மேதை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தம் விளக்கங்களையும் சேர்த்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறியாளராக இந்தியா வந்த ராபின்ஸ், 1751 ஜூலையில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

குண்டு செல்லும் வழியில் மெல்லிய தாள்களைத் திரைகளாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் துளை விழுந்த இடத்தை அளந்தார் அவர். வழவழப்பான குழலிலிருந்து வரும் உருண்டைக் குண்டு மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் வளைந்து செல்வது அதனால் வெளிப்பட்டது. குழலின் சுவரில் உராய்ந்து, குண்டு வெடிக்கு வெடி வேறு வேறு விதமாகச் சுழல்வதே காரணம் என்றார். குழலின் உட்புறத்தில் திருகு போன்ற சால்கள் வெட்டப்பட்டிருப்பின், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழன்று நிலைபெறும். அத்தகைய குழல் உடையதே ரைபிள். அது ராபின்ஸ் காலத்துக்கு முன்பே இருந்தது. அதன் பயனுக்குக் காரணம் காட்டியதே அவருடைய பெருமை.

1860 ஜூலை 2ஆம் நாள் லண்டனை அடுத்த விம்பிள்டனில் துப்பாக்கிப் போட்டி ஒன்றை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். விட்வர்த் என்னும் பொறியாளர் செய்த ரைபிள் ஒரு தாங்கியில் அசையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. அரசி கயிற்றை இழுத்தார்; 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் மையத்திலிருந்து 1¼ அங்குலத் தொலைவுக்குள் குண்டு பாய்ந்தது. அரசிக்கு அது பெருமை. துப்பாக்கிக்கு அது சான்றாகாது. உண்மையான சான்று மூன்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1857இல் நடந்த சோதனையில், 500 கஜத்தில் விட்வர்த் ரைபிளின் சராசரி விலகல் ஏறக்குறைய 4½ அங்குலம். படையினர் அப்பொழுது வைத்திருந்த என்ஃபீல்டு ரைபிளுக்கோ 27 அங்குலம். இவை பல வெடிகளின் துளைகளை அளந்து கண்ட சராசரிகள்.

இக்காலத்திலும் மூன்று முறை சுட்டு, துளைகள் ஒட்டி விழுந்த தாளை நண்பர்களிடம் காட்டி மகிழ்வோர் உளர். அதே துப்பாக்கியால் பத்து முறை சுட்டால், ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் இடைவெளி, மூன்று வெடியில் கண்டதைப்போல் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மிகும். துப்பாக்கி கெட்டுவிட்டதென்று பொருளன்று. முன்பு கண்டது மூட்டையின் வாய், அவ்வளவே.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். துளைகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கி, ஆனால் மையத்துக்கு விலகி விழுந்தால் அது சிறு குறை. குறி காட்டும் முனையைத் திருத்தினால் தீரும். துளைகள் சிதறி விழுந்தால் முனையைத் திருத்திப் பயனில்லை. ஒவ்வொரு வெடிக்கும் முனையைத் திருகிக்கொண்டே இருப்பவர் நிழலைத் துரத்துகிறவர். பத்துத் துளைகளின் நடுவிடத்தைக் கண்டு, அதன் பின் ஒரே முறை திருத்துவதே முறை.

உரிமம் பெற்ற சுடுதளத்தில், இலக்கின் பின்னே உயர்ந்த மண்மேடு இருக்கும் இடத்திலேயே இச்சோதனையை நடத்த வேண்டும். துப்பாக்கியை மணற்பையின் மேல் சாய்த்து, ஒரே பெட்டித் தோட்டாக்களையே பயன்படுத்துக. ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் பலவற்றில் முன்கைப் பிடிக்கட்டை தனித் துண்டாக இருக்கும். அக்கட்டையை மணற்பையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தல் வேண்டும். கட்டை குழலை அழுத்தினால், குழல் சூடேறச் சூடேறத் துளைகளும் இடம் பெயரும். எனவே வெடிக்கு வெடி குழலை ஆறவிடுதல் அவசியம்.

தோட்டத்தில் பயன்படப்போவது ஆறிய குழலின் முதல் வெடியே. ஆதலால் ஒரு நாளைக்கு ஒரே வெடி வீதம், அதே தாளில், அதே தூரத்தில் பத்து நாள் சுட்டுப் பார்ப்பதையே நாம் எல்லாவற்றிலும் சிறந்த சோதனை எனக் கருதுகிறோம். பொறுமை வேண்டும் என்பது உண்மை. அப்பத்துத் துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் மிகுந்த தூரம் எதுவோ, அதுவே அத்துப்பாக்கி கொண்டு அவர் சுடக்கூடிய எல்லை. இடவப்பாதி மழையில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பிக் குழலை அழுத்தத் தொடங்கும். கோடையில் எடுத்த தாளை அப்பொழுது நம்புதல் கூடாது. மழை ஓய்ந்ததும் புதுத் தாளை மாட்டி, முதல் நாளின் முதல் வெடியிலிருந்து தொடங்க வேண்டும்.