வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கா? இந்தக் கார்டைத் தெரிஞ்சுக்கோங்க

ஸ்காலர்ஷிப்புக்காக வருமானச் சான்றிதழ் வாங்க அலையாதவங்க நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. வாங்கி, ஸ்கேன் பண்ணி, அப்லோடு பண்ணினதோட அதை மறந்துடறோம். ஆனால் அதே வருமானக் கணக்குதான், வீட்டில் இருக்கும் தம்பி, தங்கச்சிக்கு ஆபரேஷன் என்று வந்தால் பில்லை யார் கட்டுவது என்பதையும் முடிவு செய்கிறது.

முதலமைச்சர் காப்பீடு

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். முன்பு இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அப்போது "உங்களுக்குக் கிடையாது"னு திருப்பி அனுப்பப்பட்டவங்க இப்ப மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம்.

பிரீமியத்தை அரசே கட்டுகிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்த பிறகு, தமிழ்நாட்டில் இரண்டும் இணைந்தே நடக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய். இது ஆளுக்கு 5 லட்சம் இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. இந்த வருடம் அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு 2 லட்சம் போயிருந்தால், மீதி 3 லட்சம்தான் மற்ற எல்லாருக்கும்.

குழந்தைக்கென்று தனிக் கார்டு கிடையாது. அதனால் ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இருக்கான்னு முதலில் பாருங்க. குழந்தை பிறந்து பல வருடம் ஆகியும் பெயர் சேர்க்காத வீடுகள் நிறைய. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் அது தெரிய வரும்.

பிறவி இதயக் கோளாறு, புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகள் இதில் அடங்கும். காது கேளாத, 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட்டும் உண்டு. இங்கே வயது முக்கியம், தள்ளிப் போடக் கூடாது. காய்ச்சல், சளிக்கு டாக்டர் ஃபீஸ் கட்டுவதெல்லாம் இதில் வராது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான்.

ஈ.எஸ்.ஐ.

1,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 10,000. மில்லிலோ கம்பெனியிலோ வேலை செய்யும் பலருடைய சம்பளம் அதைத் தாண்டிடும். அவங்களுக்கு இருப்பது ஈ.எஸ்.ஐ. இதற்குச் சம்பள வரம்பு மாதம் 21,000. தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டணும். 15,000 சம்பளத்தில் பிடித்தம் சுமார் 113 ரூபாய்தான்.

இதில் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பார்த்து மருந்து வாங்கலாம். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உண்டு. பெற்றோரின் வருமானத்தை நம்பிப் படிப்பவர்களுக்கு 21 வயது வரை உண்டு. அதாவது இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும்! அப்பா அல்லது அம்மாவின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கான்னு இன்றைக்கே பாருங்க.

பள்ளியிலேயே பரிசோதனை

நோய் இருப்பதே தெரியாவிட்டால் கார்டு இருந்து என்ன பயன்? 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தாங்க"னு தங்கச்சி ஒரு சீட்டு கொண்டு வந்தால், அதைப் புத்தகப் பையிலேயே விட்டுடாதீங்க.

நடுவில் விழுபவர்கள்

மாதம் 15,000 சம்பாதிக்கும் ஆட்டோ டிரைவரை எடுத்துக்கோங்க. முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமானம் அதிகம், ஈ.எஸ்.ஐ.க்கு முதலாளி இல்லை. அவர் பிள்ளைக்கு அரசு ஆஸ்பத்திரிதான் கதி. இந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

நமக்கும் இதே சிக்கல் வரலாம். கேம்பஸில் வேலை கிடைத்து, உங்க சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேர்ந்தால் 1,20,000 தாண்டிடும். கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸில் மனைவி, பிள்ளைகள், சில இடங்களில் பெற்றோர் வருவாங்க. தம்பி, தங்கச்சி பெரும்பாலும் வர மாட்டாங்க. ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்க்கும்போது இதையும் ஹெச்.ஆரிடம் கேளுங்க. தேவைப்பட்டால் அவங்களுக்குத் தனி பாலிசி எடுக்கணும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் குடும்பத்தோட ஒரு தடவை போய்ட்டு வாங்க. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஃபார்ம் நிரப்புவதில் நம்ம வீட்டிலேயே அனுபவசாலி நாமதான், இல்லையா? அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நாளை இதுக்கு ஒதுக்குங்க.