முப்பது பேரும் லண்டன் போக வேண்டுமானால்...



டூர் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் போதும், ஹாஸ்டலில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. எந்த ஊர், எத்தனை நாள், தலைக்கு எவ்வளவு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியில் ஒரு கேள்வி வரும். "எல்லாரும் வர்றாங்களா?" அங்கேதான் சுருதி இறங்கும்.

இது நமக்கு மட்டும் உள்ள கேள்வி என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் லண்டனுக்குப் போகிற சுற்றுலாவில் இதே கேள்வி எழுந்து, இரண்டு நாட்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதாகப் போயிற்று. அந்தக் கதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கூடவே கொஞ்சம் இன்ஜினியரிங்கும் வருகிறது. பயப்படாதீர்கள், பரீட்சைக்கு வராது!

ஏற்பாடு என்றால் சும்மாவா?

பிரான்சில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை நாலைந்து நாள் லண்டனுக்கு அழைத்துப் போவது வெகுநாளாக நடந்து வரும் வழக்கம். பெரும்பாலும் ஆங்கில ஆசிரியர்தான் முன்நின்று நடத்துவார். பல மாதங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பஸ்ஸா ரயிலா, எங்கே தங்குவது, எந்த மியூசியத்தில் எந்த நேரத்துக்கு முன்பதிவு என்று நோட்டுப் புத்தகம் நிரம்பும்.

பணம்? அங்கேயும் அதுதான் தலைவலி. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வீட்டில் பணம் இல்லை என்ற காரணத்துக்காக எந்த மாணவனையும் பயணத்திலிருந்து விலக்கக் கூடாது என்று பிரெஞ்சுக் கல்வித் துறையின் சுற்றறிக்கை சொல்கிறது. கூடப் போகும் ஆசிரியர்களின் செலவைப் பெற்றோர் தலையில் கட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதனால் முடியாத பிள்ளைக்குப் பள்ளியின் உதவி நிதியிலிருந்து கொடுப்பார்கள். வீட்டில் கேக் செய்து கொண்டுவந்து விற்பதும் குலுக்கல் சீட்டு நடத்துவதும் சாதாரணம்.

அடுத்தது தாள்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை பெற்றோர் துணையின்றி நாட்டை விட்டு வெளியே போக, பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் வேண்டும். இந்த விதி 2017 ஜனவரி 15 முதல் மீண்டும் அமலில் இருக்கிறது. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது படிவம். ஒன்று குறைந்தாலும் ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

கடலுக்கு அடியில் ஒரு பாதை

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடல் மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் தூரம் சுமார் 33 கி.மீ.தான். கப்பலில் பஸ்ஸோடு ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கடலுக்கு அடியில் போனால் 35 நிமிடம்! பஸ் அப்படியே ரயில் வண்டிக்குள் ஏறி நிற்கும். ரயில் அதைச் சுமந்துகொண்டு சுரங்கத்தில் போகும்.

அந்தக் கால்வாய்ச் சுரங்கம் 1994 மே 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. நீளம் 50 கி.மீ.க்குச் சற்று மேல். அதில் சுமார் 38 கி.மீ. கடலுக்கு அடியில் இருக்கிறது. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் பராமரிப்புக்கும் ஆபத்து நேரத்துக்கும் என்று சிறிதாக ஒன்று, ஆக மூன்று குழாய்கள். ரயில் ஓடும் குழாயின் விட்டம் 7.6 மீட்டர். நடுக் குழாய் 4.8 மீட்டர். 11 துளையிடும் இயந்திரங்கள் இரண்டு கரைகளிலிருந்தும் தோண்டின. 1990 டிசம்பர் 1-ஆம் தேதி நடுக் குழாயில் இரு தரப்புத் தொழிலாளர்களும் சந்தித்துக் கை குலுக்கினார்கள். அத்தனை கிலோமீட்டர் தோண்டி வந்து சேர்ந்தபோது விலகல் அரை மீட்டர் கூட இல்லை. சர்வேயிங் பிராக்டிகலில் நம்ம தியோடலைட் படுத்தும் பாட்டை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்!

பாரிஸ் பக்கத்துப் பள்ளியானால் யூரோஸ்டார் ரயில். பாரிசின் வடக்கு ரயில் நிலையத்தில் ஏறினால் 2 மணி 16 நிமிடத்தில் லண்டன் வரமுடியும். பிரிட்டிஷ் அதிகாரிகள் பாரிஸ் நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆவணங்களைப் பார்த்துவிடுவார்கள். அதாவது லண்டனின் வாசற்கதவு பாரிசிலேயே இருக்கிறது.

ஒரு வேடிக்கை. 1994 முதல் 2007 நவம்பர் வரை இந்த ரயில் லண்டனில் போய் நின்ற இடம் வாட்டர்லூ நிலையம். நெப்போலியன் 1815-இல் தோற்ற ஊரின் பெயர்! பிரெஞ்சுப் பிள்ளைகள் லண்டனில் கால் வைத்ததும் முதலில் படித்த பெயர்ப் பலகை அதுதான். பிறகு ரயில் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு மாறியது.

லண்டனில் என்ன கிடைக்கும்?

பல பள்ளிகள் பிள்ளைகளை ஹோட்டலில் தங்க வைப்பதில்லை. புறநகரில் உள்ள ஆங்கிலேயர் வீடுகளில், வீட்டுக்கு இரண்டு மூன்று பேராக விடுவார்கள். காலையில் அந்த வீட்டம்மா மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார். சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உப்பு வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில்தான் கேட்டாக வேண்டும். வகுப்பில் வராத ஆங்கிலம் சாப்பாட்டு மேஜையில் தானாக வரும்!

லண்டனில் வாகனங்கள் நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம் ஓடும். பிரான்சில் வலதுபக்கம். அதனால் சாலையைக் கடக்குமுன் தப்பான பக்கம் பார்த்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க, 'வலப்பக்கம் பார்' என்று தார் ரோட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு 2001 டிசம்பர் முதல் நுழைவுக் கட்டணம் கிடையாது. சயன்ஸ் மியூசியத்தில் ஜேம்ஸ் வாட்டின் பட்டறையே இருக்கிறது. அவர் தொட்ட கருவிகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோசெட்டா கல். 1799-இல் எகிப்தில் அதைக் கண்டெடுத்தவர்கள் பிரெஞ்சுப் படையினர். 1801-இல் தோல்விக்குப் பின் ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் 1822-இல் அந்த எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்தவர் ஷம்போலியோன் என்ற பிரெஞ்சுக்காரர். கல் ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம்!

கிரீன்விச்சில் பூஜ்ய தீர்க்கரேகை. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அதை ஒப்புக்கொண்டபோது பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1911 வரை பாரிஸ் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

நமக்கு ரொம்பப் பிடிக்கக்கூடியது தேம்ஸ் நதிக்கு அடியில் இருக்கிறது. 1825-இல் தொடங்கி 1843-இல் திறந்த தேம்ஸ் சுரங்கம். கப்பல் ஓடும் நதிக்கு அடியில் உலகில் முதன்முதலாகக் கட்டிய சுரங்கம் அதுதான். கட்டியவர் மார்க் புரூனெல், பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். மேலிருந்து மண் சரியாமல் இருக்க ஒரு பெரிய இரும்புச் சட்டம். அதில் அடுக்கடுக்காக அறைகள். ஒவ்வோர் அறையிலும் நின்று ஆட்கள் முன்னால் உள்ள மண்ணைச் சிறிது சிறிதாக வெட்டுவார்கள். வெட்ட வெட்டச் சட்டத்தை முன்னே தள்ளிவிட்டு, பின்னால் செங்கல் கட்டிக்கொண்டே போவார்கள். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவைப் பார்த்து இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கால்வாய்ச் சுரங்கத்தைத் தோண்டிய இயந்திரங்களுக்கு இந்தச் சட்டம்தான் பாட்டன். வந்த வழியின் மூலம் எது என்று பிள்ளைகள் அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

சரி, கதவு எங்கே மூடியது?

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். முப்பது பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தேழு பேர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். ஒருவன் மொராக்கோ, ஒருத்தி அல்ஜீரியா, இன்னொருவன் இலங்கை பாஸ்போர்ட். பிரான்சிலேயே பிறந்திருந்தாலும், பெற்றோர் வெளிநாட்டவரானால் பிள்ளைக்குப் பிறந்தவுடனே குடியுரிமை வந்துவிடாது. பெரும்பாலும் பதின்ம வயதில் கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் 18 வயது வரை பொறுக்க வேண்டும். இலங்கை என்று சும்மா சொல்லவில்லை. லண்டன் ரயில் கிளம்பும் அந்த வடக்கு நிலையத்துக்குப் பின்புறம்தான் லா சப்பெல். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. அந்த வட்டாரப் பள்ளிகளில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

முன்பெல்லாம் இதில் சிக்கல் இல்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தேசிய அடையாள அட்டை போதும். அது இலவசமாகக் கிடைக்கும். மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்காக 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வழி செய்திருந்தது. புகைப்படத்தோடு பள்ளி ஒரு பயணிகள் பட்டியல் தயாரித்து அதிகாரிகளிடம் முத்திரை வாங்கிவிட்டால், வகுப்போடு வகுப்பாக விசா இல்லாமல் போகலாம். ஒரே தாளில் எல்லாரும் அடக்கம்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2021 அக்டோபர் 1 முதல் அடையாள அட்டையும் செல்லாது, அந்தப் பட்டியலும் செல்லாது என்று ஆயிற்று. அட்டைகளில் போலி அதிகம் என்பது பிரிட்டன் சொன்ன காரணம். விளைவு? இருபத்தேழு பேரும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அப்போது வயதைப் பொறுத்து அதற்கு 17 அல்லது 42 யூரோ. மீதி மூன்று பேருக்கு விசா. சுமார் 100 பவுண்டு. விரல் ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். மறுத்துவிட்டால் பணம் திரும்பாது. ஐந்து நாள் சுற்றுலாவுக்கு இத்தனை பாடு!

ஆசிரியர் முன் இரண்டே வழி. அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு மற்றவர்களை அழைத்துப் போவது. அல்லது யாரும் போகாமல் இருப்பது. பல பள்ளிகள் லண்டனையே கைவிட்டு, ஆங்கிலம் பேசும் அயர்லாந்துக்கும் மால்டாவுக்கும் திரும்பின. பிள்ளைகள் வந்து தங்குவதை நம்பியிருந்த இங்கிலாந்து வீடுகளும் பஸ்காரர்களும் வருமானம் போய் நின்றார்கள்.

கதவு மறுபடி திறந்த கதை

2023 மார்ச் 10-இல் பாரிசில் இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்தபோது இந்தப் பள்ளிப் பயண விஷயமும் மேஜைக்கு வந்தது. 2023 டிசம்பர் 28 முதல் புது ஏற்பாடு அமலானது. பிரான்சில் உள்ள பள்ளியில் படிக்கும், 18 வயதுக்கு மேற்படாத மாணவர்கள் ஐந்து பேருக்குக் குறையாத குழுவாகப் போனால், பிரெஞ்சுப் பிள்ளைக்கு அடையாள அட்டையே போதும். மற்ற நாட்டுப் பிள்ளை தன் பாஸ்போர்ட்டோடு வந்தால் விசா வேண்டாம். பள்ளி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். கூட வரும் ஆசிரியருக்கு மட்டும் சலுகை இல்லை, அவர் பாஸ்போர்ட் கொண்டுவந்தே ஆக வேண்டும்! ஐரோப்பியருக்கு மின்னணுப் பயண அனுமதி வேண்டும் என்று 2025 ஏப்ரலில் வந்த விதியிலும் இந்தப் பள்ளிக் குழுக்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஜூலை 17-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையை ஒட்டி, ஜெர்மன் பள்ளிக் குழுக்களுக்கும் இதுபோல் வழி செய்வதாக அறிவித்தார்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அந்தச் சலுகை தனி ஆளுக்குக் கிடையாது. அதே மொராக்கோ மாணவன் தனியாகப் போனால் விசா கேட்பார்கள். வகுப்போடு போனால் கேட்கமாட்டார்கள். அவனுக்கு அனுமதிச் சீட்டாக நிற்பது கூட நிற்கும் இருபத்தொன்பது பேர்தான்! வகுப்பு என்பது வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் வரிசை மட்டுமல்ல என்பதை இரண்டு அரசாங்கங்கள் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நமக்கு லண்டன் எட்டாக் கனியாக இருக்கலாம். ஆனால் இன்டஸ்ட்ரியல் விசிட் உண்டு, பஸ் உண்டு, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கும் உண்டு. "எனக்கு இஷ்டமில்லை, நீங்க போயிட்டு வாங்கடா" என்று ஒருவன் சொன்னால், அதில் பாதி நேரம் இஷ்டம் பிரச்சினையாக இருக்காது, நோட்டுதான் பிரச்சினையாக இருக்கும். அவன் வாயால் சொல்லமாட்டான். வகுப்புப் பிரதிநிதிதான் புரிந்துகொள்ள வேண்டும். கேக் விற்கிறோமோ, பழைய பேப்பர் விற்கிறோமோ, மூன்று மாதம் முன்பே தலைக்குப் பத்துப் பத்தாக எடுத்து வைக்கிறோமோ, வழி எத்தனையோ உண்டு.

அடுத்த வருடம் டூர் போடும்போது ஊரை முடிவு செய்வதற்கு முன்னால், "எல்லாரும் வர்றாங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.