பேரன் கேட்ட அட்டை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "சார், என் பேத்தி போக்கிமான் கார்டு வேணும்னு ஒரே பிடிவாதம். ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் இன்னொரு விலை. எது நியாயமான விலைன்னே தெரியலை. நீங்க அமெரிக்காவில் வாங்கியிருக்கீங்களாமே?"

வாங்கியிருக்கிறேன், வாங்கிச் சூடும் பட்டிருக்கிறேன். அந்த அனுபவம் இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

போக்கிமான் அட்டை ஆட்டம் ஜப்பானில் 1996-ல் தொடங்கியது. ஆங்கிலத்தில் 1999-ல் அமெரிக்காவுக்கு வந்தது. ஆளுக்கு 60 அட்டைகள் வைத்துக்கொண்டு இருவர் ஆடுவது. பத்து அட்டைகள் கொண்ட சிறு பொட்டலமாக விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். பெரும்பாலும் சாதாரண அட்டைகள்தான்; எப்போதாவது பளபளவென்று ஓர் அரிய அட்டை அகப்படும். ஆண்டுக்கு நான்கைந்து முறை புதிய தொகுப்பு வெளியாகும். அந்த நாளுக்காகக் குழந்தைகள் தீபாவளிக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு ஒன்பது வயது. அந்த மாதம் 17-ஆம் தேதி 'பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ்' என்ற தொகுப்பு வெளிவந்தது. ஈவீ என்ற நரிக்குட்டி போன்ற பிராணியும், அது உருமாறும் எட்டு வடிவங்களும் அதில் உண்டு. அவற்றில் அம்ப்ரியான் என்ற கறுப்புப் பிராணி பேரனுக்கு உயிர். "தாத்தா, நீங்க காலையில சீக்கிரம் எழுந்துப்பீங்களே, வரிசையில நிப்பீங்களா?" என்றான். ரேஷன் கடை, ரயில்வே ரிசர்வேஷன், பள்ளி அட்மிஷன் என்று ஆயுள் முழுவதும் வரிசையில் நின்றவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? கம்பளிக் கோட்டு, குல்லாய் சகிதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு பெரிய கடை வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருபது பேர். அவர்களில் ஒருவர்கூடக் குழந்தை இல்லை. கடை திறந்த பத்தாவது நிமிடம் அலமாரி காலி.

வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவரே பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே ஐம்பத்தைந்து டாலரை ஒட்டிய பெட்டி, வெளியே 140 டாலர். கொடுத்து வாங்கினேன். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ரூபாய்.

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்பா, இப்படிக் கொடுக்கிறவங்க இருக்கிறதாலதான் அவங்க அள்ளிட்டுப் போறாங்க" என்றான். நான் பதிலுக்கு ஏதோ சொல்ல, பேச்சு வளர்ந்தது. பேரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அட்டை என்ற பேச்சையே எடுக்கவில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் போனது பெரிதில்லை. ஆசையாகக் கேட்ட குழந்தை கேட்டதற்காக வெட்கப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் நான் தபால் இலாகாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். புதிய நினைவுத் தபால்தலை வந்தால், தபால்தலைப் பிரிவில் யார் கேட்டாலும் அதில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். முன்பணம் கட்டிக் கணக்கு வைத்திருப்பவருக்கு அது வீடு தேடியே வரும். முதல் நாள் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டியதில்லை என்று மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன நானே முதல் நாளில் ஏமாந்தேன்.

பிறகு உட்கார்ந்து விஷயத்தை விசாரித்தேன். இந்த அட்டை தங்கமும் அல்ல, நிலமும் அல்ல, அச்சடிக்கும் காகிதம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஓராண்டில் ஆயிரம் கோடிக்கும் மேல் அட்டைகள் தயாராயின. தேவை அதிகமானால் நிறுவனம் அதே தொகுப்பை மறுபடியும் அச்சிடுகிறது. பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸும் அப்படி மீண்டும் அச்சாகி வந்தது. ஆகவே பெரும்பாலும் தட்டுப்பாடு அட்டைக்கு அல்ல. முதல் சில வாரங்களுக்குத்தான். மறுவிற்பனைக்காரர் விற்பது உண்மையில் நம் அவசரத்தை.

கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்ட பெரியவர்கள் பழைய அட்டைகளைத் தேட ஆரம்பித்ததும் விலை ஏறியது. பணம் பண்ணுகிறவர்களும் உள்ளே புகுந்தார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் டார்கெட் நிறுவனம், கைகலப்பு வரை போனதால், தன் கடைகளில் இந்த அட்டை விற்பனையையே சில காலம் நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டோடு அட்டை கொடுத்தபோது, சிலர் மூட்டை மூட்டையாக வாங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு உணவை வீசிவிட்டுப் போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இனி, நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கடைக்குப் போகும் முன்பே நிறுவனம் அறிவித்த விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023-ல் வந்த தொகுப்புகளிலிருந்து அமெரிக்காவில் ஒரு பொட்டலத்தின் விலை 4 டாலர் 49 சென்ட். எந்தப் பெட்டியானாலும் உள்ளே எத்தனை பொட்டலம் என்று பார்த்து விலையை வகுத்துப் பாருங்கள். ஆறு பொட்டலக் கட்டு 26 டாலர் 94 சென்ட் என்றால் கணக்கு சரி. அதையே ஒருவர் 60 டாலர் என்றால் பொட்டலம் பத்து டாலர் ஆகிறது. நான் வாங்கிய பெட்டியில் ஒன்பது பொட்டலம். கூட வந்த சில்லறைச் சாமான்களை விட்டுவிட்டால், ஒன்று பதினைந்து டாலருக்கு மேல்!

இரண்டாவது, பொறுங்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்த விஷயத்தில் ஆறவிட்டுக் குடிப்பதே நல்லது. குழந்தைக்குக் குறிப்பிட்ட ஓர் அட்டைதான் வேண்டுமென்றால் பொட்டலம் பொட்டலமாகப் பிரிப்பதைவிட அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்குவது பெரும்பாலும் மலிவு. அதுவும் வெளியான வாரத்தில் வேண்டாம். பலரும் பொட்டலம் பிரித்த பிறகு பல அட்டைகளின் விலை இறங்கிவிடும்.

மூன்றாவது, சிறிய கடைக்காரரோடு பழகிக்கொள்ளுங்கள். நிரந்தர வாடிக்கையாளருக்குப் பெயர்ப் பட்டியல் வைத்து, ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் குலுக்கல் முறையிலும் விற்கிறார்கள். அதில் பெயர் கொடுப்பது வரிசையில் நிற்பதைவிட எளிது.

நான்காவது, நம் ஊர் விஷயம். அமெரிக்காவில் அறிவித்த விலை வெறும் சிபாரிசுதான்; கூட்டி விற்றால் சட்டம் கேட்காது. இங்கே அப்படியில்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பெட்டியின்மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் அதிகபட்ச விலையே நியாய விலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விலையை வைப்பவர் இறக்குமதியாளர்தான். டாலர் விலையோடு ஒப்பிட்டு, இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள்.

ஐந்தாவது, மிகமிக மலிவாகக் கிடைத்தாலும் சந்தேகப்படுங்கள். ஸ்டேஷனரி கடைகளில் ஒரே டப்பாவில் ஐம்பத்தைந்து தங்கநிற அட்டைகள் சில நூறு ரூபாய்க்குத் தொங்கும். அவை போலி. ஆங்கிலத்தில் போக்கிமான் என்று எழுதும்போது 'இ' எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த சிறு கோடு இருக்கும். பல போலிகளில் அது இருக்காது. டார்ச் விளக்கின் முன் பிடித்தால் மெல்லிய போலி அட்டையில் வெளிச்சம் தாராளமாக ஊடுருவும். குழந்தை விளையாட அதுவே போதுமென்றால் தவறில்லை. அசல் என்று நம்பி அசல் விலை கொடுக்காதீர்கள்.

கதையை முடிக்கவில்லையே! மகன் வீட்டருகே ஒரு சின்ன அட்டைக் கடை. பேரன் பெயரை அங்கே பட்டியலில் எழுதி வைத்தேன். மார்ச் மாதம் அதே தொகுப்பின் ஆறு பொட்டலக் கட்டு வெளிவந்தது. கடைக்காரர் போன் செய்தார். விலை 26 டாலர் 94 சென்ட், வரியோடு 28 டாலர் 72 சென்ட். நான் பர்ஸை எடுத்தபோது பேரன் தடுத்துவிட்டான். தன் உண்டியல் காசை எண்ணி எண்ணி மேஜைமேல் வைத்தான்.

வீட்டுக்கு வந்து ஆறையும் பிரித்தான். அம்ப்ரியான் வரவில்லை. ஆனால் முகத்தில் வாட்டமில்லை. எழுந்து போய், ஜனவரியிலிருந்து தூசி படிந்து கிடந்த அந்தப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து வந்தான். "தாத்தா, இப்ப இதையும் பிரிக்கலாமா?" என்றான். இருவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். அதிலும் அம்ப்ரியான் இல்லை. ஒரு சாதாரண ஈவீ இருந்தது. அதை என் கையில் கொடுத்து, "இது உங்களுக்கு" என்றான்.

அது இப்போது என் தபால்தலை ஆல்பத்தில் இருக்கிறது. சந்தையில் அதற்கு என்ன விலை என்று நான் விசாரிக்கவில்லை.