வந்த கோப்பு, திறக்காத கோப்பு

கையளவு கணினி: தொடர் கட்டுரை – 12

அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகிறது. வேலை வெற்றிடம், போட்டிப் பரீட்சை, ஆட்சேர்ப்பு எல்லாம் அதில்தான் வரும். சனி, ஞாயிறு நாட்களில் எல்ல, பண்டாரவளை, ஹாலி-எல நகரங்களில் கொமினிகேஷன் கடைப்பக்கம் நின்றால் ஒரே கேள்வியைப் பலர் கேட்பது காதில் விழும்: “அண்ணே, இது ஓப்பன் ஆகுதில்ல, என்னான்னு கொஞ்சம் பாருங்க.” கடைக்காரர் ஒன்றிரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “போன் பழசு தங்கச்சி” என்பார். கேட்ட பிள்ளையும் தலையாட்டிவிட்டு, பிரின்டுக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடும்.

போன் பழசு என்பது பெரும்பாலும் தவறான தீர்ப்பு. கோப்பை அனுப்பிய இடத்தில் கோளாறு இருக்கும். லயத்துப் பிள்ளை தன் போனையும் தன் அறிவையும் நொந்துகொண்டு வீடு திரும்பும். தோட்ட மக்களின் வாழ்க்கையில் ஒரு தாளின் கனம் என்னவென்று 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்தே நமக்குத் தெரியும். இன்று அந்தத் தாள் திரையில் வருகிறது. 2024 மே தினத்துக்கு முந்திய நாள் வெளியான, நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கும் வர்த்தமானியைப் பலர் முதலில் பார்த்தது போன் திரையில்தான். ஆகவே திறக்காத கோப்பைச் சில்லறைத் தொல்லை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் தனக்குத் திறக்காத ஒரு கோப்பை எனக்கு அனுப்பியிருந்தார். உயிரியல் கடந்தகால வினாத்தாள். பெயர் சரியாக இருந்தது, கடைசியில் பீ.டி.எஃப் என்ற ஒட்டும் இருந்தது. அளவுதான் உறுத்தியது: சில கிலோபைட் மட்டுமே. படங்களோடு பல பக்கம் வரும் வினாத்தாள் அந்த அளவுக்குள் அடங்காது. கணினியில் நோட்பேடைத் திறந்து கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டேன். உண்மையான பீ.டி.எஃப் என்றால் முதல் வரி விழுக்காட்டுக் குறியில் தொடங்கும். அடுத்து பீ, டி, எஃப் என்ற மூன்று எழுத்து, ஒரு சிறு கோடு, 1.4 அல்லது 1.7 என்பது போல ஒரு பதிப்பெண். இந்தக் கோப்பிலோ எடுத்த எடுப்பிலேயே எச்.டி.எம்.எல் குறிகள், அதாவது இணையப் பக்கம் எழுதுகிற மொழி. கீழே போனால், கேட்ட பக்கம் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

நடந்தது இதுதான். அந்தத் தளத்தில் வினாத்தாளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதோ பழைய இணைப்பு. அதைத் தட்டினால் பிழைப் பக்கமே வினாத்தாளின் பெயரைச் சூடிக்கொண்டு இறங்குகிறது. பீ.டி.எஃப் செயலி அதைப் பார்த்து, பழுதான கோப்பு என்கிறது. அந்த மாணவி செயலியை அழித்துவிட்டு வேறு செயலி போட்டுப் பார்த்திருந்தார். எந்தச் செயலி போட்டாலும் அது திறக்காது, ஏனென்றால் வினாத்தாள் அவர் கைக்கு வரவேயில்லை. தளத்தின் முகப்புக்குப் போய் அங்கிருந்து புதிதாகத் தேடி இறக்கியபோது கிடைத்துவிட்டது.

அதனால் கோப்பு திறக்காவிட்டால் முதலில் அதன் அளவைப் பாருங்கள். போனில் கோப்புகள் செயலிக்குள் போய், கோப்பை அழுத்திப் பிடித்து, விவரம் என்பதைத் தட்டினால் தெரியும். மிகச் சிறிதாக இருந்தால் வந்தது வேறு ஏதோ. சுழியம் என்று காட்டினால், அநேகமாகப் போனில் இடமில்லை: வட்ஸ்அப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் இடத்தை அடைத்திருக்கும்.

அளவு ஓரளவு இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் பாதியில் அறுந்த கோப்பாக இருக்கலாம். நம் மலைகளில் இதுதான் அதிகம். உல்லாசப் பயணிகள் நிறைந்த எல்ல நகரில் சிக்னலுக்குக் குறைவில்லை. மலையின் மறுசரிவில் லயத்துக்கு இறங்கினால் கோடுகள் ஒன்றொன்றாகக் குறையும். 2021இல் கொரோனாக் காலத்தில் லுணுகலைப் பிள்ளைகள் காட்டுக்குள் மலையுச்சியில், மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறி இணையவழிப் பாடம் படித்த செய்தி உலகமெங்கும் போனது. அப்படி இழுத்து இழுத்து வருகிற இணைப்பில் 20 மெகாபைட் கோப்பு முழுதாக வந்து சேருவதே பெரிய காரியம்.

பாதி வந்தால் பாதிப் பக்கமாவது தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டு, 2008இல் சர்வதேசத் தரமாகிய பீ.டி.எஃப் வடிவத்தில், எந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கோப்பின் கடைசியில் இருக்கும். பதுளைக்கு வரும் ரயிலில் சரக்குப் பட்டியல் கடைசிப் பெட்டியில் மட்டும் இருந்து, அந்தப் பெட்டி தெமோதரையில் கழன்று போனால் மற்றப் பெட்டிகளில் என்ன இருக்கிறதென்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? சில செயலிகள் அட்டவணையைத் தாமே ஊகித்துக் கட்டிப் பார்க்கும், பல கைவிட்டுவிடும். இதற்கு மாற்றும் உண்டு. கோப்பைச் சேமிக்கும்போது இணையத்துக்கு ஏற்ற விரைவுப் பார்வை என்ற தெரிவைப் போட்டால், முதல் பக்கத்துக்கு வேண்டியதெல்லாம் கோப்பின் முன்பக்கம் வந்துவிடும்; மீதி வந்துகொண்டிருக்கும்போதே வாசிக்கலாம். வினாத்தாளும் சுற்றறிக்கையும் வெளியிடுகிறவர்கள் இந்த ஒரு தெரிவைப் போட்டாலே ஊவா மலைகளுக்குப் பெரிய உபகாரம். தாளை ஸ்கேன் செய்து படமாக ஏற்றுவதையும் விட வேண்டும். தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைப் படமாக்கினால் கோப்பு பல மடங்கு பருத்துவிடும், தேடினால் உள்ளே ஒரு சொல்லும் அகப்படாது.

வாசிப்பவர் செய்யக்கூடியது: இணைப்பைத் தட்டி பிரவுசருக்குள்ளேயே பார்க்க முயலாமல், இணைப்பை அழுத்திப் பிடித்து இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கம் நின்றுபோனால் அழிக்காமல் ‘தொடர்’ என்பதைத் தட்டிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்து வழங்கி இடங்கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து இறங்கும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. பேஸ்புக்கில் கண்ட இணைப்பு என்றால் பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கிற குட்டி பிரவுசரை நம்ப வேண்டாம், அது கோப்பை இறக்க அடிக்கடி தடுமாறும். முகவரியைக் கொப்பி பண்ணி குரோமில் ஒட்டுங்கள். தட்டினால் ஒன்றுமே நடக்காத இணைப்புக்கும் இதே மருந்துதான். பாதுகாப்பான தளத்தில் இருந்துகொண்டு பாதுகாப்பற்ற முகவரியைச் சுட்டும் கோப்புகளை 2020 முதல் குரோம் படிப்படியாக மறிக்கத் தொடங்கியது. பல பழைய அலுவலகத் தளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

கோப்பு பீ.டி.எஃப்பே அல்ல, வேர்ட் கோப்பு என்றால் விடயம் வேறு. பீ.டி.எஃப்பைக் காட்டும் வசதி குரோமிலும் பயர்பொக்ஸிலும் உள்ளேயே இருக்கிறது. வேர்ட் கோப்பைத் தானாகக் காட்டும் வசதி அவற்றுக்குக் கிடையாது, இறக்கித்தான் தரும். 2007 முதல் வேர்ட் பயன்படுத்தும் டொக்எக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு சிப் பொதி. நோட்பேடில் திறந்தால் முதலில் பீ, கே என்ற இரண்டு எழுத்தைக் காண்பீர்கள்; சிப் முறையை ஆக்கிய பில் கட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. சில பழைய போன்கள் அதைச் சிப் என்றே சேமித்துவிடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே புரியாத பல கோப்புறைகள் கிடக்கும். பிரிக்க வேண்டாம். பெயரின் கடைசி ஒட்டை டொக்எக்ஸ் என்று மாற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் போதும்.

கனடா விசாப் படிவத்தால் அவதிப்படுகிறவர்கள் தனி ரகம். வருகையாளர் விசாவுக்கான ஐ.எம்.எம். 5257 படிவத்தை பிரவுசரில் திறந்தால், தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது மாறாது. ஒரு பொழுது முழுக்க அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். அந்தப் படிவம் எக்ஸ்.எஃப்.ஏ என்ற பழைய முறையில் செய்யப்பட்டது. வெளியில் பார்த்தால் பீ.டி.எஃப், உள்ளே இருப்பது வேறொரு படிவம், அதை வாசிக்கத் தெரியாத செயலிக்கு அந்தக் காத்திருப்புப் பக்கம் மட்டுமே தெரியும். 2017இல் வந்த பீ.டி.எஃப் இரண்டாம் பதிப்புத் தரம் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. 2021 ஒக்டோபரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 93 முதல் அந்த பிரவுசர் இத்தகைய படிவங்களைக் காட்டுகிறது. என்றாலும் நிரப்பி முடித்துச் சரிபார்க்க நம்பகமான வழி ஒன்றுதான்: படிவத்தை மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ இறக்கி, இலவசமாகக் கிடைக்கும் அடோபி ரீடரில் திறப்பது. போனில் முயலவே வேண்டாம்.

கடைசியாக, திறந்தும் திறக்காத கோப்பு. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இராப்பகலாக இருந்து தட்டச்சு செய்த பயிற்சித்தாளை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பிள்ளையின் போனில் அது திறக்கும். திறந்தால் ஒரு வரிகூடத் தமிழ் இராது, எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியும். காரணம் பாமினி எழுத்துரு. இலங்கையில் அச்சகமும் அலுவலகமும் பாடசாலையும் நெடுங்காலமாகப் பாமினியில்தான் தமிழைத் தட்டி வந்தன. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துரு உள்ள கணினி அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும்; அது இல்லாத போன் உள்ளதை உள்ளபடி காட்டிவிடும். போன் பொய் சொல்லவில்லை.

யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. இலங்கையும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழுக்கான குறியீட்டுத் தரத்தை வகுத்தது. அதற்குப் பிறகும் பாமினியில் தட்டிய கோப்பு பிள்ளைகளுக்குப் போவது எனக்கு மிகுந்த வருத்தம். ஆசிரியர்கள் மேல் பழி சுமத்த மாட்டேன். விரல் பழகிய விசைப்பலகையை மாற்றுவது எளிதல்ல. ஆனால் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் தட்டும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, விரல் பழக்கத்தை மாற்றவே தேவையில்லை. பழைய கோப்புகளை யூனிகோடாக்கும் மாற்றிகளும் இணையத்தில் உண்டு. மாற்றியபின் எண்களையும் நிறுத்தக் குறிகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், சறுக்குவது அங்கேதான். அதற்கும் நேரமில்லை என்றால் வேர்டிலிருந்து பீ.டி.எஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகும், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுவதற்கும், பார்வையற்ற பிள்ளைகளுக்காக வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது அப்போதும் தமிழாகாது. அதனால் இதை இடைக்கால ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஓர் அரச அலுவலகத்தின் கோப்பு திறக்கவில்லை என்றால் அதற்குமேல் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. எல்ல உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கோரிக்கை கொடுக்கலாம். எழுதிக் கொடுக்க இயலாதவர் வாயால் சொல்லலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். வெளியிட்ட கோப்பு வாசிக்க முடியாமல் இருக்கிறது, வாசிக்கக்கூடிய பிரதி தேவை என்று இரண்டு வரி போதும். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கி, 14 நாள் காத்திருக்க நேரமில்லை என்றால், திறக்காத அந்தத் திரையை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அன்றைக்கே அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். திகதி தவறிப்போய் மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் கையில் ஆதாரமாக அவை இருக்கும்.