ஆலய மணியும் தறியோசையும்

சாமளாபுரத்தில் விடியற்காலம் மௌனமான வேளை அல்ல. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள இவ்வூரில் ஜனங்கள் உறங்கினாலும் விசைத்தறிகள் உறங்குவதில்லை. நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுகிற 'கடகட' சப்தத்தைக் கேட்டே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அந்தச் சப்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம்!

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மட்டும் இந்தச் சப்தத்தினூடே வேறொரு காட்சியையும் காணலாம். வெளுத்த வேஷ்டி கட்டிய ஒருவர் இரு சக்கர வண்டியை ஓட்டிப் போகிறார். பின்னால் அவர் மனைவி. இருவருக்கும் நடுவே எண்ணெய் வழியத் தலை வாரிய ஒரு குழந்தை. சோமனூரைத் தாண்டிக் கருமத்தம்பட்டியை நோக்கிச் செல்லுகிறார்கள். "எங்கே இவ்வளவு காலையில்?" என்று கேட்டால், "பூசைக்குங்க" என்று பதில் வரும். திருப்பலி என்னும் அழகிய சொல் இப்பொழுது ஏட்டிலும் ஆலய அறிவிப்பிலும் வழங்குகிறது. எனினும் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் பூசைதான்.

இவர்களை ஊரார் 'வேதக்காரர்' என்று அழைப்பார்கள். அந்தப் பெயரில் பகைமை ஒன்றும் இல்லை. ஆனால் "அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அவன் போன பிறகும் இவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஓர் எண்ணம் நம்மில் பலருடைய மனத்தின் மூலையில் ஒளிந்திருக்கிறது. படித்தவனென்று பெயர் வாங்கிய எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் கத்தோலிக்கர். அவர் இல்லத்துக்கு அடிக்கடி போய் வந்ததனால் அந்த எண்ணம் மெல்ல மெல்லக் கழன்றது. எவ்வாறு கழன்றது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அவர்களுடைய வாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளி என்று நாள் பார்ப்பதைப் போலவே அங்கும் நாள் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உரியது. 1231ஆம் வருஷம் ஜூன் மாதம் இத்தாலியிலே பதுவை நகரில் அவரை அடக்கம் செய்த நாள் செவ்வாய். அதிலிருந்து வந்தது இவ்வழக்கம். காணாமற் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று அவருக்குப் பேர். ஆகையால் செவ்வாய் மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கூட்டத்தில் மற்ற மதத்தினரும் தாராளமாகக் கலந்து நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். புதன்கிழமை சகாய மாதாவுக்கு நவநாள். மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை. பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுந்து செல்லும் மூதாட்டிகளைப் பார்த்தால் நமக்கே மூட்டு வலிக்கும். சனிக்கிழமை தேவமாதாவின் நாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் அன்று ஒரு பொழுது இருப்பதும் உண்டு. ஆகஸ்டு 29ஆந் தேதி அங்கே கொடியேறும். அதற்குச் சில தினங்கள் முன்னதாகவே, காவி உடை தரித்து, நடந்தே கீழ்த் திசை நோக்கிப் புறப்படும் குழுக்களை நம் சாலைகளில் பார்க்காதவர் யார்?

ஞாயிறு என்றால் பூசையோடு முடிந்துவிடுவதில்லை. பூசை முடிந்ததும் குழந்தைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் என்னிடம் அகப்பட்டுக்கொண்ட சிறுவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாத்தியாரிடம் அகப்பட்டுக்கொள்வதைக் கண்டு நான் அனுதாபப்படுவதுண்டு. பெரியவர்களுக்குச் சங்கங்கள். 1833ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவனும் அவன் தோழர்களும் ஏழைகளின் வீட்டுக்கு நேரே போய் உதவ வேண்டும் என்று தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை அவற்றில் ஒன்று. 1921இல் டப்ளின் நகரில் பிறந்த மரியாயின் சேனை மற்றொன்று. பெயர் சேனையாயினும் ஆயுதம் ஜெபமாலைதான். நோயாளி வீடுகளுக்குப் போய் வருவதே யுத்தம்.

இத்தனையிலும் என்னைக் கவர்ந்தது ஆலயத்துக்குள் நடப்பதன்று. வீட்டுக்குள் நடப்பது. மாலை மங்கியதும் நண்பரின் தாயார் மாதா படத்தின் முன் விளக்கேற்றுவார். தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருக்கும் மகன், சமையலறையிலிருக்கும் மருமகள், பாடம் படிக்கும் பேரன் எல்லோரும் வந்து பாயில் அமர்வார்கள். 53 மணி ஜெபம் தொடங்கும். ஒருவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிப்பார்கள். தறிச் சப்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமென்று உரக்கச் சொல்லிப் பழகிய குரல்கள் அவை. முழுவதும் தமிழ். நேற்று வந்த தமிழுமன்று. பெரியவர்கள் சொல்லும் பழைய வாசகங்களில், இன்று நாம் வழக்கொழித்துவிட்ட சொற்கள் சுகமாக வாழ்ந்துகொண்டிருக்கின்றன. தேவதூதரைச் 'சம்மனசு' என்பார்கள். பாவம் அறிக்கையிடுவதைப் 'பாவசங்கீர்த்தனம்' என்பார்கள்.

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புஸ்தகம் எது? 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. அது ஒரு கத்தோலிக்க ஜெபப் புஸ்தகம்! அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் முத்துக்குளித்துறைப் பரதவருக்காகச் செய்தது. அதன் பிறகு வந்த வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யை நாம் தமிழ் வகுப்பில் போற்றுகிறோம். ஆனால் அந்தத் தமிழ், வகுப்பறைக்கு வெளியே, தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பாயில் தினந்தோறும் உயிரோடிருக்கிறது என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் தமிழ் வழங்கிய அத்தனை காலமும் பீடத்தில் தமிழ் இல்லை. குருவானவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தை நோக்கி நின்று, லத்தீனில் பூசை நிறைவேற்றுவார். பிரசங்கம் தமிழிலிருக்கும், மந்திரங்கள் லத்தீன். நம் கோயில்களில் ஸம்ஸ்கிருத அர்ச்சனையைக் கேட்டு நிற்கும் பக்தர்களைப் போலவே இவர்களும் நின்றார்கள். அங்கே அவர் லத்தீன் சொல்லிக்கொண்டிருக்க, இங்கே இவர்கள் தமிழில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்களாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு வழிபாடு! 1962இல் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963 டிசம்பர் 4ஆம் தேதி வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டது. அடுத்த சில வருஷங்களில் பீடம் திரும்பியது, பாஷை மாறியது. கூரைக்குள்ளிருந்த இரண்டு வழிபாடும் ஒன்றாயின.

பாஷை தமிழாவதற்கு முன் ஆள் தமிழராக வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்பே ஒருவர் போராடினார். அவர் வாழ்ந்த இடம் நம் பக்கத்துக் கருமத்தம்பட்டியே. இந்தச் செய்தி உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது.

17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபையார் கொங்கு நாட்டில் வேரூன்றிய காலத்தில் முளைத்த தலம் கருமத்தம்பட்டி. ஜெபமாலை மாதா ஆலயம் அங்கே இருக்கிறது. 2019ஆம் வருஷத்தில் அதற்குப் பேராலயம் என்ற பட்டத்தைப் பாப்பரசர் அளித்தார். 1773இல் சேசு சபை ஒடுக்கப்பட்ட பிறகு, பாரிஸ் அன்னிய தேச மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் 1813இல் பிறந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். 1842இல் புதுச்சேரியில் வந்திறங்கியவர், 1846 அக்டோபர் 4ஆம் தேதி கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். அன்று அக்டோபரின் முதல் ஞாயிறு. அக்காலத்தில் ஜெபமாலை மாதா திருவிழா அந்த ஞாயிற்றில்தான் வரும். கோயமுத்தூர் மிஷன் முழுவதற்கும் தலைநகரம் அப்பொழுது இந்தக் கிராமம்.

அவருடைய பிடிவாதம் ஒன்றே ஒன்று. இந்நாட்டுத் திருச்சபையை இந்நாட்டுக் குருமார்கள் நடத்த வேண்டும். அன்னியர் அவர்களைத் தயாரித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். சுயராஜ்யம் என்ற சொல் நம் அரசியலில் பிறக்காத காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இப்படிச் சொன்னார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சகோதரப் பாதிரிமார்களில் எல்லோரும் இதற்கு உடன்படவில்லை. ஜாதி ஆசாரங்களை எதுவரை அனுமதிப்பது என்பதிலும் அவர்களுக்குள் கடுமையான அபிப்பிராய பேதம். மனச்சாட்சிக்கும் கடமைக்கும் நடுவே தவித்தவர், இறுதியில் 1855இல் பதவியை விட்டுப் போனார். மறு வருஷம் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவினார். 1859 மே மாதம் ஸியர்ரா லியோன் தேசத்து ஃப்ரீடவுனில் கால் வைத்தவர், ஆறே வாரத்தில், ஜூன் 25ஆம் தேதி விஷக் காய்ச்சலால் இறந்தார். அப்பொழுது வயது நாற்பத்தைந்து. 2020இல் ரோமாபுரி அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அவருடைய கனவு? 1923இல் தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை ஆயரானார். கோயமுத்தூர் மறைமாவட்டத்துக்கு உபகாரசாமி ஆண்டகை என்ற நம் நாட்டவர் ஆயரானது 1940இல். கருமத்தம்பட்டி அபிஷேகத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் 94 வருஷம்.

ஜாதியைப் பற்றிச் சொன்னேன். அதை மறைத்துவிட்டு இந்தச் சித்திரத்தை வரைந்தால் அது பொய்ச் சித்திரம். தென் தமிழ்நாட்டில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள்ளேயே ஜாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அதை இடிக்கப் பெரும் பாடுபட வேண்டியிருந்தது. கல்லறையிலும் பிரிவினை பார்த்த ஊர்கள் உண்டு. ஞானஸ்நானத் தண்ணீர் ஜாதியைக் கழுவவில்லை என்பதற்கு மற்றொரு சாட்சி சட்டத்திலேயே இருக்கிறது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு அட்டவணை ஜாதி உரிமைகளை ஹிந்துக்களுக்கு மட்டும் அளித்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆலயத்திலும் முழு நியாயம் கிடைக்காமல், அரசாங்கத்திடமும் கிடைக்காமல் நிற்கிறவர்கள் நம் தறிக் கொட்டகைகளிலேயே இருக்கிறார்கள்.

தறியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முற்காலத்தில் நற்கருணை வாங்குகிறவர், நள்ளிரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கூடப் பருகக் கூடாது. பூசையும் காலையில்தான். இராத்திரி முழுவதும் ஆலையிலே நின்று நூல் இழை பிணைத்தவன், பஞ்சுத் தூசியில் தொண்டை வறண்டு, விடிந்ததும் பட்டினியோடு ஆலயத்துக்குப் போனால் மயங்கி விழாமல் என்ன செய்வான்? உலகமெங்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கு இதே சங்கடம். 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அருந்தலாம், மாலையிலும் பூசை வைக்கலாம் என்று வழிவிட்டார். 1957இல் உபவாசம் மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. இன்றைய சட்டப்படி சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிற்றுக் கடமை நிறைவேறிவிடும். பஞ்சாங்கத்தையே ஷிப்டுக்காக வளைத்துக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆனாலும் தறிக்கு ஞாயிறு தெரியாது. கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறு தறிக்காரருக்கு, காடாத் துணியை நாளைக்கே கொடுக்க வேண்டுமென்று ஆள் வந்து நின்றால், ஆலய மணி காதில் விழுந்தும் கால் நகராது. "மணி அடிக்கும்போது தறியை நிறுத்தி ஒரு சிலுவை போட்டுக்கொள்வேனுங்க, அவ்வளவுதான் இந்த வாரம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்பொழுது புதிதாக வேறொரு கூட்டமும் வந்திருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் இப்பக்கத்து ஆலைகளுக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் சிலர் அங்குள்ள மலைப் பிரதேசங்களில் தலைமுறைகளாகக் கத்தோலிக்கர். தமிழ்ப் பூசையில் பின் வரிசையில் நின்று, எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எழுந்து, முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டு, ஒரு சொல்லும் புரியாமல் திரும்பிப் போகிறார்கள். நம் பாட்டன்மார் லத்தீனுக்கு முன்னால் நின்ற நிலை!

சென்ற அக்டோபரில் நண்பரின் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து, முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடி, சுவிசேஷம் வாசித்து ஜெபமாலை சொல்லும் கூட்டம் அது. அப்படிப்பட்ட இரண்டு பையன்களை யாரோ அழைத்து வந்திருந்தார்கள். வாசற்படியருகே ஒடுங்கி உட்கார்ந்தார்கள். ஜெபம் தொடங்கியதும் அவர்களுடைய விரல்களைக் கவனித்தேன். உதடு அசையாவிட்டாலும் மணிகள் சரியாக நகர்ந்தன. மூன்று பத்து முடிந்ததும், எண்பதை நெருங்கிய நண்பரின் தாயார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இந்தப் பத்து மணியை நீங்க சொல்லுங்க, கண்ணுகளா" என்றார். அவர்களுக்குப் பாஷை புரியவில்லை, சைகை புரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கள் ஊர்ப் பேச்சிலே, முதலில் மெதுவாகவும் பிறகு தறிச் சப்தத்துக்கு மேலாகவும், பத்து மணியையும் சொல்லி முடித்தார்கள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தையும் அறியோம். ஒவ்வொரு மணிக்கும் பாதியில் அவர்கள் நிறுத்த, கூட்டம் மீதியைத் தமிழில் சொல்லிற்று.

சுண்டலும் தேநீரும் ஆனவுடன் அவர்கள் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனார்கள். "பாட்டி, அவர்கள் சொன்னது உங்களுக்கு ஏதாவது விளங்கிற்றா?" என்று நான் கேட்டேன்.

"நான் சின்னப் பிள்ளையிலே கேட்ட லத்தீனுக்கு இது எவ்வளவோ தேவலைங்க, வாத்தியாரய்யா. சொல்றவங்க முகத்தையாவது பார்க்க முடியுதே" என்றார் அந்த அம்மாள்.