கடவுச்சொற் காவல்

பண்டைப் படைவீட்டுக் காவலர், இரவில் வருவோன் தம்மவனோ மாற்றானோ என்பதைக் குறிச்சொல்லால் அறிந்தனர். அக்குறிச்சொல்லே இன்று கடவுச்சொல்லாகிக் கணினியைக் காக்கின்றது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தியபோது, ஒருவர் கோப்பை மற்றவர் திறவாதிருக்க இம்முறை கையாளப்பட்டது.

அன்று காக்கப்பட்டவை ஆராய்ச்சிக் கோப்புக்கள். இன்று காக்கப்படுவது குடும்பத்தின் வாழ்வு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் பலர். அவர்தம் ஊதியம் வங்கிக் கணக்கின் வழியாகவும், குரல் வாட்ஸ்அப் வழியாகவும் வீடு வந்து சேர்கின்றன. அக்கணக்கு அயலான் கைப்படின், “வாப்பா, அவசரமாகப் பணம் வேண்டும்” என்னுஞ் செய்தி மகன் பெயரிலேயே வரக்கூடும். பெயரையும் படத்தையும் கண்ட தந்தை ஐயுறுதல் அரிது.

கடவுச்சொல்லாக எளிதில் நினைவுக்கு வருவன பிறந்த திகதியும் அடையாள அட்டை எண்ணுமாம். எட்டிலக்க எண்கள் 10 கோடி உள. ஆயின் ஒரு நூற்றாண்டின் நாட்கள் ஏறத்தாழ 36,500 மட்டுமே. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிப்பது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. அடையாள அட்டை எண்ணும் அத்தகையதே. பன்னிரண்டிலக்க எண்ணின் முதல் 4 இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த 3 இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுவன. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அட்டையின் படியை அலுவலகந்தோறும் கொடுக்கின்றோம். பலரும் அறிந்தது மறைபொருளாவது எங்ஙனம்?

ஆதலின் முதலாவது வேண்டுவது நீளம். ஒழுங்கின்றித் தெரிந்த எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களோடு மேலும் நான்கைச் சேர்ப்பின், சோதிக்கவேண்டியவை 456,976 மடங்காகப் பெருகும். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தல் நீளத்தையும் தரும், நினைவிலும் நிற்கும்.

இரண்டாவது, கணக்கிற்கொரு சொல். 2009 இல் ரொக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவாடப்பட்டன; அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதே. ஓரிடத்திற் களவுபோன சொல்லைத் திருடர் பிறவிடங்களிலும் இட்டுப் பார்ப்பர். எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறவுகோல் வைத்தவன், ஒன்றை இழப்பின் அனைத்தையும் இழப்பான்.

மூன்றாவது, தொலைபேசிக்கு வரும் ஆறிலக்கச் சரிபார்ப்பு எண்ணை, கேட்பவர் உறவினரே போலத் தோன்றினும், கொடாதிருத்தல். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்ளல் நன்று.

சொற்கள் பலவாயின், அவற்றைக் காக்கும் செயலியிலோ, வீட்டிற் பூட்டிவைக்கும் குறிப்பேட்டிலோ பதிந்து வைக்கலாம். காரணமின்றி அடிக்கடி மாற்றுமாறு வற்புறுத்துதல் வேண்டாவென்பது அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியின் துணிபு. களவுபோனதென்று ஐயுறின் உடனே மாற்றுக.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆயினும் தண்டனை களவின் பின்னரே வருவது. அதற்கு முன்னர் வீட்டைக் காப்பது நாம் தெரிந்தெடுக்கும் சொல்லேயாம்.